ஐஸ்பெட்டியில் பூக்கிழங்கு

என் பேரு பூவம்மா. சிங்கப்பூர்ல, தேக்கா மார்க்கெட் பக்கம் ஒரு பூக்கடையில மாலை கட்டுறது என் வேலை. காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் பூவுக்குள்ளயே கிடக்கிறவதான். ஆனா என் கையால ஒரு செடி வச்சு அது உருப்பட்டதாச் சரித்திரம் கிடையாது. மணி பிளான்ட் சாகவே சாகாதுன்னு கடைக்காரன் அடிச்சுச் சொல்லிக் கொடுத்தான், அதுவும் போய்ச் சேர்ந்துச்சு. அதனால பக்கத்து வீட்டு லாசரஸ் அண்ணன் என்னைத் தன்னோட தொட்டிங்க கிட்டயே விடமாட்டாரு. "அந்தச் சுவரோரமா நட, பூவம்மா. நீ உரசிட்டுப் போனா ரோஜா ஒரு வாரத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்குது"ம்பாரு. எனக்குச் சுருக்குன்னு கோவம் வரும். இருந்தாலும் தள்ளித்தான் நடப்பேன்.

எங்களோடது புக்கிட் மேராவுல பழைய புளோக். ஏழாவது மாடியில கடைசி ரெண்டு வீடு, என்னோடதும் அண்ணனோடதும். அண்ணன் வீடு மூலை வீடு, அதனால காரிடார் முடியற இடமெல்லாம் அவரு தோட்டம். துறைமுகத்துல கிரேன் ஓட்டி ஓய்வு வாங்கினவரு. அத்தனை வருஷம் உசரத்துல தனியா உக்காந்து கப்பலையே பார்த்துக்கிட்டிருந்த மனுஷன், இப்பக் குனிஞ்சு மண்ணையே பார்த்துக்கிட்டிருக்காரு. டவுன் கவுன்சில் ஆளு வந்து நடக்கிற வழி எவ்வளவு அகலம் இருக்குன்னு டேப் பிடிச்சு அளப்பான். கொசுப்புழு தேடுற அம்மா வந்து ஒவ்வொரு தொட்டித் தட்டையும் கவுத்துப் பார்க்கும். ரெண்டு பேருக்கும் அண்ணன் மைலோ கலந்து கொடுத்து அனுப்புவாரு. தட்டுல சொட்டுத் தண்ணி இருக்காது, அவங்களும் என்னதான் சொல்ல முடியும்?

இந்த ஊருல வசந்தகாலமெல்லாம் ஏது? ஆனா பிப்ரவரியில மழை நின்னு காத்து வறட்டுன்னு வீச ஆரம்பிச்சா மரங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சுக்கும். கார் பார்க் ஓரத்து மரமெல்லாம் இலையக் கொட்டிட்டு ரோஸ் கலர்ல பூத்து நிக்கும், சனங்க போனைத் தூக்கிக்கிட்டு அங்க ஓடும். அண்ணன் காகிதப்பூச் செடிக்கு ஜனவரியிலயே தண்ணியக் குறைச்சுடுவாரு. "தாகம் எடுத்தாத்தான் அது பூக்கும். ஊத்திக்கிட்டே இருந்தா இலைய வளர்த்துக்கிட்டுச் சொகுசா உக்காந்துக்கும்"பாரு. சொன்ன மாதிரியே காரிடார் கம்பியெல்லாம் பூவா வழியும்.

போன வருஷக் கடைசியில அவரு ஆசை இன்னும் ஏறிப்போச்சு. மரினா பக்கம் கண்ணாடிக் கூடாரத்துக்குள்ள ஏசி போட்டுக் குளிர்நாட்டுப் பூவைப் பூக்க வைக்கிறாங்கல்ல, அதைப் போய்ப் பார்த்துட்டு வந்தாரு. "அவன்கிட்ட அவ்வளவு பெரிய ஏசி இருக்கு. நம்மகிட்ட ஐஸ்பெட்டி இருக்குல்ல?"ன்னு ஆரம்பிச்சாரு. ஹயசிந்த்னு பேராம் அந்தப் பூவுக்கு. அங்கெல்லாம் பனி உருகின உடனே முதல்ல தலைய நீட்டுறதுல இதுவும் ஒண்ணாம். நர்சரியிலருந்து கிழங்கு வாங்கிட்டு வந்து எங்கிட்டக் காட்டினாரு. சத்தியமாச் சொல்றேன், பம்பாய் வெங்காயம்! அதே ஊதாத் தோல், அதே குண்டு, அடியில அதே வேர்க் குஞ்சம்.

"அண்ணே, உங்களை நல்லா ஏமாத்திட்டான். இதைத் தேக்காவுல மூட்டை மூட்டையாக் கொட்டி வச்சிருக்கான்."

"போ லா, உனக்கென்ன தெரியும்? இது ஐஸ்பெட்டியில மாசக்கணக்காத் தூங்கணும். வெளிய எடுத்து வச்சா, குளிர் போயிடுச்சுடான்னு நினைச்சு முழிச்சுக்கும். இதோட வாசத்துக்கு உன் மல்லிகையெல்லாம் கிட்டவே வர முடியாதாம்."

"வரட்டும், பார்க்கலாம்"னேன். என் மல்லிகையைச் சொன்னா எனக்குப் பொறுக்காது.

பழுப்புக் காகிதப் பையில போட்டு ஐஸ்பெட்டியில காய்கறித் தட்டுல வச்சாரு. பக்கத்துல பழம் இருந்தா பூ உள்ளயே செத்துப் போயிடுமாம். அதனால அந்த வீட்டுல கிறிஸ்மஸுக்குக்கூட ஒரு ஆப்பிள் வாங்கல. மக செரினா பேங்க்ல வேலை பாக்குற பொண்ணு, "டேடி, திஸ் இஸ் டூ மச் லா"ன்னு கத்திட்டு ஆபீஸ்லயே பழம் சாப்பிட்டுக்கிட்டா.

அண்ணன் சம்சாரம் பிலோமினம்மாள், எனக்குப் பிலோமி அக்கா. அவங்க கோயில்ல தமிழ்ப் பூசை முடிஞ்சு பெரியவங்க ஒரு நாப்பது பேரு கீழ்த்தளத்துல சேர்ந்து சாப்பிடுவாங்க. திருநாள்னா சாம்பார் எங்க அக்காதான், வேற யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியாது. பெரிய பாத்திரத்துக்குப் பக்கத்துல இடுப்புல துண்டைச் சொருகிக்கிட்டுக் கரண்டியோட நிக்கும் பாருங்க, ஃபாதரே தள்ளி நின்னுதான் பேசுவாரு.

அக்காவுக்கு எல்லாக் கணக்கும் மூக்குதான். அடுப்புல தனியாவைப் போட்டுட்டு ஹால்ல உக்காந்து எங்கூட ஊர்க்கதை பேசிக்கிட்டிருக்கும். பேச்சு நடுவுல "ஆச்சு"ன்னு எழுந்து போய் இறக்கும். போய்ப் பார்த்தா ஒரு விதை கருகியிருக்காது. சாயங்காலம் நான் தலையில பூவோட லிஃப்டை விட்டு வந்தா, ஆளைப் பார்க்காமலே வீட்டுக்குள்ளருந்து குரல் வரும்: "மல்லிகை வாசம் வந்தாச்சு, மணி ஆறு!" நாள் பூரா ஊசியில விரல் குத்தி வர்றவளுக்கு அதைக் கேட்டா ஒரு தெம்பு.

கோவிட் வந்து அக்கா படுத்து எழுந்ததுக்கு அப்புறம் அந்தக் குரல் நின்னு போச்சு. எம்மேல ஏதோ வருத்தம் போலருக்குன்னு நினைச்சு நானும் கொஞ்ச நாள் முறுக்கிக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் எல்லாம் பழகிப் போச்சு.

பிப்ரவரியில மாதா திருநாளுக்கு வந்த ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. பாத்திரம் தூக்க ஒரு கை வேணும்னு அக்கா கூப்பிட்டிருந்துச்சு. காலையில போனேன். சாம்பார் கொதிச்சுக்கிட்டிருந்துச்சு. உள்ள கால் வச்சதும் என் மூக்கு ஒரு மாதிரி ஆச்சு. பெருங்காயம் இருக்கு, தனியா இருக்கு, அதுக்கு அடியில புல்லை அரைச்சு வேக வச்ச மாதிரி ஒரு பச்சை நெடி.

"என்னக்கா போட்டீங்க இன்னிக்கு?"

"எப்பவும் போடுறதுதான். ஏன்?" அக்கா ரெண்டு கையையும் மாத்தி மாத்திச் சொறிஞ்சுக்கிட்டிருந்துச்சு. விரலெல்லாம் செவந்து தடிச்சிருந்துச்சு. "வெங்காயத்துக்கு என்ன மருந்து அடிச்சுத் தொலைச்சானோ, சேனைக்கிழங்கு வெட்டின மாதிரி அரிக்குது."

அப்பத்தான் அண்ணன் பூவாளியில தண்ணி பிடிக்க உள்ள வந்தாரு. சிங்க் ஓரத்துல பச்சை முளையோட ஒரே ஒரு வெங்காயம் தனியா உக்காந்திருந்துச்சு. அதைக் கையில எடுத்துப் பார்த்தாரு. முகம் மாறிப்போச்சு.

"பிலோமி, இது ஏன் வெளிய இருக்கு?"

"முளை நல்லா நீட்டிடுச்சு. கசக்கும்னு அதை மட்டும் எடுத்து வச்சேன்."

அண்ணன் ஐஸ்பெட்டியத் திறந்து காய்கறித் தட்டை இழுத்தாரு. ஒரு பழுப்புப் பைதான் இருந்துச்சு. கவுத்தாரு. நெசமான வெங்காயம் உருண்டு உருண்டு தரையில ஓடுச்சு.

"அடிப்பாவி! என் பூவையெல்லாம் நறுக்கிப் போட்டுட்டியா?"

அவரு கத்தி நான் கேட்டதே இல்ல. அக்கா கரண்டியோட அப்படியே நின்னுச்சு. "ரெண்டும் ஒரே மாதிரிப் பைங்க. அவசரத்துல எடுத்துட்டேன்…"

"பை ஒண்ணா இருக்கட்டும். நறுக்கும்போது வாசம் வேறன்னு தெரியாதா? உனக்கா தெரியாது? கண்ணுல தண்ணி வரலையே, ஏன்னு ஒரு நிமிஷம் யோசிக்க மாட்ட?"

சத்தம் கேட்டு செரினா ரூமை விட்டு வந்தா. விஷயத்தைக் கேட்டுட்டுப் போன்ல தேடிப் பார்த்தா. "மை காட், டேடி, அது பாய்சன்! வாந்தி எடுக்குமாம், வயித்தால போகுமாம். மம்மி, நீங்க டேஸ்ட் பண்ணீங்களா?"

"உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். உப்பு சரியா இருந்துச்சு."

"உப்பு ஓகே. மத்தது?"

அக்கா அடுப்பை அணைச்சுச்சு. கரண்டிய மூடி மேல வச்சுச்சு. முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு ஸ்டூல்ல உக்காந்துச்சு.

"மத்தது எதுவும் எனக்குத் தெரியறதில்ல, செரினா. கோவிட்ல போன வாசம் திரும்பி வரவே இல்ல. உப்பு தெரியும், புளிப்பு தெரியும், காரம் எரியும். அவ்வளவுதான். தனியா வறுபடறதைக் கலரைப் பார்த்துத் தெரிஞ்சுக்கறேன். கடுகைச் சத்தத்துல தெரிஞ்சுக்கறேன். மீதியெல்லாம் கை பழக்கம்."

அந்த ஆறு மணிக் குரல் ஏன் நின்னுச்சுன்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. பக்கத்து வீட்டுல இருந்துக்கிட்டு, பூவைத் தலையில வச்சுக்கிட்டுத் தினமும் அவங்க வாசலைத் தாண்டிப் போயிருக்கேன்.

"ஏன் மம்மி சொல்லல?" செரினாவுக்கு அழுகை வந்துடுச்சு. "டாக்டர்கிட்ட போயிருக்கலாம்ல?"

"பாலிகிளினிக்ல காட்டினேன். சில பேருக்கு வரும், சில பேருக்கு வராதுன்னாங்க. உங்ககிட்டச் சொன்னா என்ன சொல்லுவீங்க? பாவம் மம்மி, ரெஸ்ட் எடுக்கட்டும்பீங்க. கோயில்ல தெரிஞ்சா, அக்காவுக்கு எதுக்குச் சிரமம்னு அன்பாப் பேசிக் கரண்டிய வாங்கிக்குவாங்க. அந்தக் கரண்டியும் போயிட்டா நான் அங்க யாரு? சும்மா உக்காந்து சாப்பிட்டுட்டு வர்ற ஒரு கிழவி."

"அதுக்காக நாப்பது பேருக்கு பாய்சன் கொடுக்கிறதா? கேஸ் லீக் ஆனாக்கூட உங்களுக்குத் தெரியாது, யூ நோ? நான் ஆபீஸ்ல இருக்கும்போது ஏதாவது ஆச்சுன்னா?" செரினா மூக்கை உறிஞ்சிக்கிட்டே போனைத் தட்டினா. "நான் ஃபாதருக்குச் சொல்லிடறேன். லிட்டில் இந்தியாவுல எங்கயாவது ஆர்டர் பண்ணிக்கலாம். இனிமே மம்மி வெளியாளுங்களுக்குச் சமைக்க வேணாம். ஃபுல் ஸ்டாப்."

அந்தப் பொண்ணு சொன்னதுல தப்பே இல்ல, அதுதான் கஷ்டம். அக்கா, "அந்தக் கரண்டியக் கழுவி வச்சிடு, பூவம்மா"ன்னு மட்டும் சொல்லுச்சு. கழுவ எனக்குக் கை வரல.

அண்ணன் தரையில உக்காந்து சிதறின வெங்காயத்தைப் பொறுக்கிக்கிட்டிருந்தாரு. கோவமெல்லாம் எங்கயோ போயிடுச்சு.

"காரிடார்ல இருக்கிற ஒவ்வொரு செடிக்கும் எப்பத் தாகம் எடுக்கும்னு எனக்குத் தெரியும்" அப்படின்னாரு. யாரைப் பார்த்தும் சொல்லல. "இலை லேசாச் சுருண்டாத் தெரியும், மண்ணு நிறம் மாறினாத் தெரியும். இவ இத்தனை வருஷம் வாசமே இல்லாமச் சோறு தின்னுருக்கா. எதிர உக்காந்து தின்ன எனக்குத் தெரியல. நானெல்லாம் ஒரு தோட்டக்காரன், த்தூ!"

பொறுக்கி முடிச்சு எழுந்து நின்னாரு. "செரினா, அந்தப் போனைக் கீழ வை. அந்தச் சாம்பாரைக் கொட்டு. பூவம்மா, பாத்திரத்தை நல்லாத் தேய். பூசை முடியறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. பருப்பு இருக்கு, புளி இருக்கு, இந்தா வெங்காயம் இருக்கு. மூக்குதானே இல்ல? என் மூக்கு இருக்குல்ல?"

அக்கா தலையத் தூக்கி அவரைப் பார்த்துச்சு. "உங்க மூக்கா? வேப்பம் புண்ணாக்கும் மீன் உரமும் மோந்து மோந்து மரத்துப்போன மூக்கு. அதை நம்பி நான் அடுப்பு பத்த வைக்கவா?"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. செரினாவுக்கும் அழுகைக்கு நடுவுல சிரிப்பு வந்துடுச்சு.

"இன்னிக்கு ஒரு நாள் பாரு, பிலோமி. சரியா வரலைன்னா அவ சொல்ற மாதிரி ஆர்டர் பண்ணிடலாம்."

அக்கா ஸ்டூலை விட்டு எழுந்துச்சு. "ஒரே ஒரு கண்டிஷன். தெரியலைன்னா தெரியலன்னு சொல்லணும். கருகினாக் கருகிடுச்சுன்னு சொல்லணும். என் மனசு நோகும்னு ஒரு பொய் சொன்னீங்க, அதோட நான் இந்த அடுப்படிப் பக்கமே வரமாட்டேன்."

"சரி."

வாணலியில தனியாவைப் போட்டு வறுக்க ஆரம்பிச்சுச்சு அக்கா. அண்ணன் கண்ணாடியக் கழட்டிட்டு மூஞ்சியக் கொண்டுபோய் அதுக்கு மேல நீட்டினாரு.

"என்ன வாசம் வருது?"

"நல்ல வாசம்."

"நல்ல வாசம்னு ஒரு வாசம் இருக்கா? ஒழுங்காச் சொல்லுங்க."

அண்ணன் திணறிப்போயிட்டாரு. பாவம், அவருக்குச் சமையல் பேச்சு வராதே. அப்புறம் மெல்லச் சொன்னாரு, "காய்ஞ்ச தொட்டியில முதத் தண்ணி ஊத்தினா ஒரு வாசம் வரும்ல, அது மாதிரி."

"அப்படின்னா இன்னும் பச்சை. கிண்டுங்க… இப்ப?"

"இப்ப… வைக்கோல். வெயில்ல காய்ஞ்ச வைக்கோல்."

"நெருங்கிடுச்சு. கண்ணை மூடிக்கங்க, கலரைப் பார்த்துச் சொல்லாதீங்க. இப்ப?"

"புது பிஸ்கட் டின்னைத் திறந்த மாதிரி இருக்கு."

"இறக்குங்க! இறக்குங்க!"

இப்படியே போச்சு அன்னிக்கு. வெந்தயத்துக்கு ஒரு தடவை பதில் சொல்லத் தெரியாம முழிச்சாரு, அது கருகிப்போச்சு. "கருகிடுச்சு, பிலோமி"ன்னு குற்றவாளி மாதிரி நின்னாரு. அக்கா அதைத் தட்டிவிட்டுட்டு மறுபடி போட்டுச்சு. வெங்காயம் நறுக்கினது நான். என் கண்ணுல தாரை தாரையா ஊத்துச்சு, அதை அக்கா கிட்ட வந்து உத்துப் பார்த்துட்டு "ம், இதுதான் வெங்காயம்"னுச்சு. கடைசியில செரினா ஒரு கரண்டி வாங்கிக் குடிச்சா. இன்னொரு கரண்டி வாங்கிக் குடிச்சா. "மம்மி, சின்ன வயசுல நீங்க வைப்பீங்களே, அந்த சாம்பார்"னா. போனைத் தேடி எடுத்து டாக்ஸிதான் புக் பண்ணினா.

கோயில்ல பந்தி நடக்கும்போது ஒரு பாட்டி, "என்ன பிலோமி, இந்த ரெண்டு மூணு வருஷமாக் காணாத மணம் இன்னிக்கு இருக்கே?"ன்னு கேட்டுடுச்சு. நான் திக்குன்னு ஆயிட்டேன். அக்கா சிரிச்சு மழுப்பிடும்னு நினைச்சேன். மழுப்பல. கரண்டியப் பிடிச்சுக்கிட்டே, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லிடுச்சு: "எனக்கு மூக்கு போய் ரொம்ப நாளாச்சு, அத்தை. இன்னிக்குக் கை என்னோடது, மூக்கு அவரோடது. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாத்தான் சமையல். வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க."

அந்தப் பாட்டி தட்டை நீட்டி, "வேணாம்னு யாரு சொன்னா? இன்னும் ஒரு கரண்டி ஊத்து"ன்னுச்சு. பின்னாடி நின்னுக்கிட்டிருந்த அண்ணன் திரும்பிக்கிட்டுக் கண்ணாடியத் துடைச்சாரு.

தப்பிச்ச அந்த ஒத்தைக் கிழங்கை அண்ணன் ஒரு தண்ணிக் கிளாஸ்ல உக்கார வச்சாரு. காரிடார் வெயில் அதுக்கு ஆகாதுன்னு செரினா ரூம் ஏசிக்குக் கீழ இடம். ராத்திரியெல்லாம் ஏசி ஓடுதுன்னு செரினா புலம்பினா, ஆனா காலையில முதல் வேலையா அதைப் போய்ப் பார்த்தது அவதான். மார்ச் மாசம் பொறந்ததும் குட்டையா ஒரு தண்டு விட்டு, அதைச் சுத்தி நீலமும் ஊதாவுமாக் குலை குலையாப் பூத்துச்சு. அண்ணன் அதைக் கொண்டுவந்து ஹால்ல மாதா படத்துக்குக் கீழ வச்சாரு. கதவைத் திறந்தா லிஃப்ட் வரைக்கும் வாசம். வயித்தெரிச்சலோட சொல்றேன், என் மல்லிகை கொஞ்சம் கம்மிதான்.

அக்கா அதுக்கு முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்து ரொம்ப நேரம் பார்த்துச்சு. கிட்டக் குனிஞ்சு மூச்சை இழுத்துச்சு. எங்க எல்லாருக்குமே உள்ளுக்குள்ள ஒரு நப்பாசை. அக்கா நிமிந்து தலைய ஆட்டுச்சு. ஒண்ணுமில்ல.

அண்ணன் முகம் சுருங்கிப்போச்சு. அதைப் பார்த்து அக்காவே அவரைத் தட்டிக் கொடுத்துச்சு. "சரி விடுங்க. நீங்க சொல்லுங்க. இனிப்பா?"

"இனிப்புதான். ஆனா சீனி இனிப்பு இல்ல. தேன்."

"ஏலக்காய் மாதிரியா, கிராம்பு மாதிரியா?"

அண்ணன் குனிஞ்சாரு, நிமிந்தாரு, திரும்பக் குனிஞ்சாரு. "கிராம்பு. ஒண்ணே ஒண்ணு. அதுக்கு அடியில வெள்ளரிக்காயை ஒடிச்ச மாதிரி ஒரு பச்சை."

அக்கா கண்ணை மூடிக்கிச்சு. உதடு லேசா அசைஞ்சுச்சு, அடுப்படியில அளவு போடும்போது அசையுமே, அது மாதிரி. தேன், கிராம்பு, வெள்ளரின்னு மனசுக்குள்ள ஒவ்வொண்ணாச் சேர்த்துப் பார்த்திருக்கும் போல.

"தலை வலிக்கிற அளவுக்கு வாசமா?"

"ம். கொஞ்ச நேரம் போனா வலிக்கும்."

"அப்படின்னா தெரியுது"ன்னுச்சு.

நான் எந்திரிச்சு என் வீட்டுக்கு வந்துட்டேன். அங்க இருந்தா அழுதுடுவேன்னு பயம்.

இப்பத் தவக்காலம், வெள்ளிக்கிழமையில அவங்க வீட்டுல கறி கிடையாது. போன வெள்ளிக்கிழமை அக்கா தேக்காவுலருந்து மீன் வாங்கிட்டு வரச் சொல்லியிருந்துச்சு. மதியம் கடை வேலைக்கு நடுவுல ஓடிப்போய், மார்க்கெட்ல மூடப்போற நேரத்துல ஒருத்தன்கிட்டப் பேரம் பேசி வாங்கினேன். பஸ்ல கூட்டம் வேற. லிஃப்டை விட்டு வெளிய வந்து ரெண்டு அடி வச்சிருப்பேன். வீட்டுக்குள்ளருந்து அக்கா குரல்.

"என்னங்க, மணி ஆறாச்சு. மல்லிகை வாசம் வருதா பாருங்க!"

அண்ணன் காகிதப்பூவுக்கு நடுவுலருந்து எழுந்து நின்னு காத்துல மூக்கை நீட்டினாரு. நான் தலையில கை வச்சுப் பூவை முன்னாடி இழுத்துவிட்டுக்கிட்டேன், அவருக்குத் தோதா இருக்கட்டும்னு.

"மல்லிகை வருது. ஆனா அதை மீறிக்கிட்டு மீன் வருது!"

"மீனு நல்லதா?"

என் கையிலருந்து பையை வாங்கித் திறந்து உள்ள மூக்கை விட்டாரு. அப்புறம் என்னைப் பார்த்தாரு. நான் 'சொல்லாதீங்க அண்ணே'ன்னு கண்ணால கெஞ்சினேன். அவருக்கும் எம்மேல இரக்கம் வந்துச்சு, அது முகத்துல தெரிஞ்சுச்சு. பையை மூடினாரு. உள்ள அக்கா பதிலுக்குக் காத்துக்கிட்டிருந்துச்சு.

"இல்ல, பிலோமி. பூவம்மாவை நல்லா ஏமாத்திட்டான்."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பிடுங்கி நானே மோந்து பார்த்தேன். மனுஷன் சொன்னது சரிதான். உள்ளருந்து அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. எத்தனை நாளாச்சு அது அப்படிச் சிரிச்சு!

"சரி, அதைத் தூக்கிப் போட்டுட்டு உள்ள வாங்க. முட்டை வறுத்துக்கலாம். நீங்க வந்து அடுப்புக்கிட்ட நில்லுங்க."